கூட வந்த உயிரும் கோபுர வாசலும்

கும்பகோணத்திலிருந்து காவிரியை ஒட்டிச் சைக்கிள் மிதிக்க நினைப்பவருக்கு மேற்கே ஒரு வழி, கிழக்கே ஒரு வழி. மேற்கே போனால் மேலக்காவேரி தாண்டிச் சுவாமிமலை. கிழக்கே போனால் பட்டுத்தறி ஓசை கேட்கும் திருபுவனம், அதையடுத்துத் திருவிடைமருதூர், பிறகு ஆடுதுறை, நாதஸ்வரம் செய்யும் நரசிங்கன்பேட்டை, திருவாவடுதுறை. கரைச் சாலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கொஞ்ச தூரம் நல்ல தார், பிறகு கப்பி பெயர்ந்த ஒரு துண்டு, பிறகு வெறும் வண்டல் மண். குறுவை அறுப்பு நடக்கும்போது பாதிச் சாலையில் நெல் காயும். சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்கித்தான் போகவேண்டும். ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்துவிட்டால், கல்லணை கடந்து தண்ணீர் வந்து சேர்ந்ததும் இந்தக் கரையின் காலைக் காற்றே வேறாகிவிடும்.

பால்கேன் கட்டிய சைக்கிள்களுக்கும் டியூஷன் பிள்ளைகளுக்கும் நடுவே, முன்கூடையில் ஒரு நாய்க்குட்டியை உட்காரவைத்து மெல்ல மிதித்துப் போகிறவர்களும் இங்கே உண்டு. கூடை விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, மூக்கை உயர்த்திக் காற்றை முகர்ந்துகொண்டே வரும் குட்டியைப் பார்த்தால் எதிரே வருகிறவருக்குச் சிரிப்பு தானாக வந்துவிடும். ஆனால் அந்தக் கூடைக்குள் ஒரு பழைய கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது. தன் வழியில் இன்னோர் உயிரையும் கூட்டிப் போவது பற்றா, அறமா? ஆசையை அறு என்று ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவரும் சமயம் அந்தக் கூடையைக் கண்டால் என்ன சொல்லும்?

கும்பகோணத்துக்குக் கிழக்கே சுமார் 9 கிலோமீட்டரில் இருக்கும் திருவிடைமருதூர் இதற்குக் கடுமையான ஒரு பதிலை வைத்திருக்கிறது. மகாலிங்க சுவாமி கோயிலின் கீழக் கோபுர வாசலில் பட்டினத்தாருக்கும் மேலக் கோபுர வாசலில் பத்திரகிரியாருக்கும் திருவுருவங்கள் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் துறவியாகிப் பட்டினத்தார் ஆனார். உஜ்ஜயினியின் அரசர் அவருக்குச் சீடராகிப் பத்திரகிரியார் ஆனார். குருவும் சீடரும் இந்த ஊருக்கு வந்து ஆளுக்கொரு வாசலில் அமர்ந்தார்கள். குருவுக்குப் பிச்சை எடுத்து வந்து கொடுப்பது சீடரின் வேலை. அவரிடம் இருந்தது ஒரு திருவோடு. அவர் உண்டு மிச்சம் வைத்ததைத் தின்று அவர் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தது ஒரு நாய்.

ஒரு நாள் பட்டினத்தாரிடம் யாரோ பிச்சை கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை, மேல வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறார், அவரிடம் போய்க் கேளுங்கள் என்றார் அவர். செய்தி மேல வாசலுக்கு வந்தது. நாட்டையும் அரண்மனையையும் விட்டு வந்தவர் சம்சாரியா? ஓடும் நாயும் இருக்கும்வரை சம்சாரிதான் என்று பத்திரகிரியாருக்கு உறைத்தது. ஓட்டை எடுத்து வீசினார். அது நாயின் தலையில் பட்டது. ஓடு உடைந்தது, நாய் இறந்தது.

துறவின் உச்சத்தைக் காட்டும் கதையாக இது பல தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் ஓடு உடைந்ததையும் நாய் இறந்ததையும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். ஓடு மண். நாய் அப்படியல்ல. அது தானாக வந்தது, தன் பசிக்கு உண்டது, தனக்குப் பிடித்த இடத்தில் படுத்தது. பத்திரகிரியாரின் மனத்தில் இருந்த பற்றுக்கு அது பொறுப்பே இல்லை. பற்று ஒருவருடையது, அடி இன்னொருவருக்கு என்றால் அதில் அறம் எங்கே இருக்கிறது? மெய்ஞ்ஞானப் புலம்பல் பாடிய மனிதரின் உள்ளத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இதைக் கேட்கவில்லை. அவர் பெரியவர் என்பதாலேயே கேட்கவேண்டியிருக்கிறது.

கதையை வளர்த்த மக்களுக்கும் இந்த இடம் நெருடியிருக்கவேண்டும். ஏனென்றால் கதை அங்கே நிற்பதில்லை. அடியவரின் மிச்சத்தை உண்ட புண்ணியத்தால் அந்த நாய் காசி அரசனின் மகளாகப் பிறந்தது. வளர்ந்தபின் பழைய நினைவோடு பத்திரகிரியாரைத் தேடித் திருவிடைமருதூருக்கே வந்தது. இருவரும் இறைவனின் சோதியில் ஒன்றாகக் கலந்தார்கள் என்று அது தொடர்கிறது. பட்டினத்தாருக்கு அன்று அது கிடைக்கவில்லை. அவர் திருவொற்றியூர் வரை நடக்கவேண்டியிருந்தது. தலையில் ஓடு பட்டுச் செத்த நாய் குருவுக்கு முன்பே வீடுபேறு அடைந்தது என்று முடித்தவர்கள் யாரோ, அவர்கள் அந்த நாயின் பக்கம் நின்று யோசித்திருக்கிறார்கள்.

பற்றைப் பற்றிய இன்னொரு கதையும் ஓர் ஆற்றங்கரையில்தான் நடக்கிறது, சின்ன உயிர் ஒன்றை வைத்துத்தான். பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் பரதன் அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்கிறான். சிங்கத்தின் கர்ஜனை கேட்டுத் துள்ளிய நிறைமாத மான் ஒன்று ஆற்றில் குட்டியை ஈன்றுவிட்டு இறக்கிறது. நீரில் அடித்துப் போகும் குட்டியைப் பரதன் எடுத்து வளர்க்கிறான். நாளாக ஆகப் பூசை நேரம் தவறுகிறது, நியமம் குறைகிறது. குட்டி கண்ணில் படாவிட்டால் மனம் தவிக்கிறது. சாகும்போதும் மான் நினைவுதான். அடுத்த பிறவியில் மானாகவே பிறக்கிறான்.

செல்லப் பிராணி வளர்ப்பவரை எச்சரிக்க இந்தக் கதையைச் சொல்லும் உபன்யாசகர்கள் பலர். கதையைக் கவனித்துக் கேட்டால், ஆற்றில் இறங்கிக் குட்டியைத் தூக்கியதைப் பாகவதம் குற்றமாகச் சொல்லவில்லை என்பது தெரியும். தூக்காமல் ஜபம் செய்துகொண்டே இருந்திருந்தால் அவன் உயர்ந்திருப்பான் என்றும் சொல்லவில்லை. குட்டி வளர்ந்து, ஓடக் கற்று, காட்டுக்குப் போகத் தகுந்த பிறகும் அது தன் அருகிலேயே இருக்கவேண்டும் என்று அவன் தவித்தானே, சிக்கல் அங்கே பிறக்கிறது. அதற்குப் பிறகு அவன் தேடியது மானின் நலத்தை அல்ல, தன் தவிப்புக்கு மருந்தை.

இனி மகாபாரதம். அதற்குக் கும்பகோணத்தோடு நெருங்கிய உறவு உண்டு. வடமொழி மூலத்தின் ஒரு புகழ்பெற்ற அச்சுப் பதிப்பு இந்த ஊரின் பெயரால்தான் அறியப்படுகிறது. ம. வீ. இராமானுஜாசாரியார் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல ஆண்டு உழைத்து, கடன்பட்டு, பண்டிதர் பலரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்து வெளியிட்ட முழுமையான தமிழ்ப் பாரதத்துக்கும் கும்பகோணம் பதிப்பு என்றே பெயர். அதில் பதினேழாவது பர்வம், மகாபிரஸ்தானிக பர்வம், மிகச் சிறியது. பாண்டவர் ஐவரும் திரௌபதியும் எல்லாவற்றையும் விட்டு வடக்கு நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாய் தானாகவே பின்னால் வருகிறது. திரௌபதி விழுகிறாள், சகதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று வரிசையாக விழுகிறார்கள். தருமன் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்லும்போது, நாயும் வரவேண்டும் என்கிறான் தருமன். நாயோடு வருகிறவர்களுக்குச் சொர்க்கத்தில் இடம் இல்லை என்கிறான் இந்திரன். அப்படியானால் நானும் வரவில்லை என்கிறான் தருமன்.

தம்பிகளை விட்டுவந்தவன் நாயை ஏன் விடவில்லை? இந்தக் கேள்வியை வாசகர் கேட்கும் முன்பே இந்திரன் கேட்டுவிடுகிறான். தருமனின் விடை நேரானது. இறந்தவர்களை என்னால் எழுப்ப முடியாது. உயிரோடு இருந்தவரை அவர்களை நான் விடவில்லை. இது உயிரோடு இருக்கிறது, என்னை நம்பி வந்திருக்கிறது, இதை விட்டால் அது அடைக்கலம் புகுந்தவரை விரட்டிய பாவத்துக்குச் சமம். அந்த நாய் தருமதேவதை என்று பிறகு வெளிப்படுகிறது. பலர் அந்த வெளிப்பாட்டைத்தான் கதையின் உயிராகக் கொள்கிறார்கள். ஆனால் அது தேவதை என்று தருமனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தெருநாய், நீண்ட வழி, தன்னோடு வந்த அதன் நான்கு கால்கள். தெரியாமல் எடுத்த முடிவு என்பதால்தான் அதற்கு மதிப்பு.

பத்திரகிரியாரையும் தருமனையும் அருகருகே வைத்தால் ஒரே சமயத்துக்குள் இரண்டு எதிரெதிர்க் கட்டளைகள் இருப்பதுபோலத் தோன்றும். ஒருவர் நாயை விட்டதால் உயர்ந்தார், மற்றவர் விடாததால் உயர்ந்தார். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வழி உண்டா? உண்டு. அதற்குத் திருவிடைமருதூரைத் தாண்டி இன்னும் கொஞ்சம் கிழக்கே போகவேண்டும்.

திருவாவடுதுறையில் அம்மை பசு வடிவில் ஈசனை வழிபட்டாள் என்பது தலபுராணம். இந்த வட்டாரத்தில் அது வியப்பே அல்ல. மயிலாடுதுறையில் அம்மை மயில். பட்டீஸ்வரத்தில் வழிபட்டது காமதேனுவின் மகள் பட்டி. திருவிசநல்லூர் அருகே திருந்துதேவன்குடியில் நண்டு, அதனால் ஊரார் வாயில் அது நண்டாங்கோயில். காவிரிக்கரையில் கோயில் கோயிலாக எழுப்பிய கோச்செங்கட் சோழன் போன பிறவியில் ஆனைக்காவில் ஒரு சிலந்தி. இந்த நிலத்தின் புராணங்கள் விலங்குகளை வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. கருவறைக்கே கூட்டிப் போயின.

ஆனால் திருவாவடுதுறையின் பெரிய கதை திருமூலருடையது. சேக்கிழார் சொல்வது இதுதான். கயிலையிலிருந்து அகத்தியரைக் காண வந்த சிவயோகி ஒருவர், காவிரியில் நீராடி, ஆவடுதுறை இறைவனை வணங்கிவிட்டுக் கரையோடு நடக்கிறார். சாத்தனூர் ஆயன் மூலன் மாடு மேய்த்த இடத்திலேயே இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்க்கின்றன, கதறுகின்றன. இவற்றின் துயரைத் தீர்க்கவேண்டும் என்று யோகி நினைக்கிறார். தன் உடலைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மூலன் எழுந்ததும் பசுக்கள் களித்து மேய்கின்றன. மாலையில் அவற்றை ஊர் சேர்த்துவிட்டு வந்து பார்த்தால், வைத்த இடத்தில் அவருடைய பழைய உடல் இல்லை. அதன்பின் மூலன் உடலிலேயே இருந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் பாடினார். அது திருமந்திரம்.

தமிழ்ச் சைவத்தின் யோக நூல் ஒன்று, ஆற்றங்கரையில் சில மாடுகள் அழுததால் பிறந்தது என்று பெரியபுராணமே சொல்கிறது. அந்த மாடுகள் யோகிக்குச் சொந்தம் அல்ல. நேற்றுவரை அவற்றை அவர் பார்த்ததில்லை. நாளை அவற்றால் அவருக்கு ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. அன்றைய வேலை முடிந்ததும் அவற்றைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் இல்லை, வீட்டுக்கு ஓட்டிவிட்டார். மூலனின் மனைவி வந்து அழைத்தபோதும் அவளுக்குத் தான் கணவன் அல்ல என்று விலகி நின்றார். பற்றே இல்லாத மனிதர்தான் அந்த மாடுகளின் அழுகையைக் கேட்டார். பரதன் தன் ஏக்கத்தைத் தீர்க்க மானைத் தேடினான். மூலர் மாடுகளின் ஏக்கத்தைத் தீர்க்கத் தன் உடம்பையே விட்டார். கூடையில் ஒரு குட்டியை வைத்து மிதிப்பவர் இந்த இரண்டு பேரில் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம், கூடைக்குள் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் போதும்.

ஏனென்றால் கூடைக்குள் இருக்கும் உயிர் அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதை மறப்பது எளிது. தருமனின் நாய் தானாக நடந்து வந்தது. விருப்பமில்லாவிட்டால் எந்த மலைத் திருப்பத்திலும் நின்றிருக்கலாம். கூடையில் பட்டை போட்டு உட்காரவைத்த குட்டியால் நிற்க முடியாது. அதன் வேகம், அதன் நிழல், அதன் தண்ணீர் எல்லாம் மிதிப்பவர் கையில். அடைக்கலம் என்று தருமன் சொன்னது இங்கே இன்னும் கனமாகிறது.

சக்கரத்தின் மேல் போகிறவருக்கு இந்தக் கரைநாடு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைகள் விட்டுவைத்திருக்கிறது. ஒன்று, திருவாரூர். இளவரசன் வீதிவிடங்கனின் தேர்ச்சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இதே நிகழ்ச்சி இலங்கையின் மகாவம்சத்தில் எல்லாளன் பெயரில் இருக்கிறது. கன்றின் மேல் ஏறிய தேரோடு மனுநீதிச் சோழன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாக நிற்கிறான். இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்று துள்ளி ஓடி வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அது போதாது என்றான் அரசன்.

இரண்டாவது, மறுபடியும் திருவிடைமருதூர். வரகுண பாண்டியன் குதிரையில் விரைந்து வரும்போது வழியில் படுத்திருந்த ஓர் அந்தணர் குளம்பில் மிதிபட்டு இறந்தார். அரசனுக்கு அது தெரியவே தெரியாது. தெரியாமல் செய்ததும் அவனைப் பிரமஹத்தியாகப் பற்றிக்கொண்டது. மருதூர் இறைவனிடம் அவன் ஓடிவந்து கீழ வாசலில் நுழைந்தபோது அது வாசலிலேயே காத்து நின்றது. இறைவன் சொன்னபடி அவன் மேல வாசல் வழியாக வெளியேறித் தப்பினான்.

இரண்டு கதையிலும் குற்றம் கொடுமை அல்ல, வேகம். உயரத்திலும் வேகத்திலும் போகிறவருக்குக் கீழே இருப்பது கண்ணில் படுவதில்லை. சைக்கிள் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வாகனம். மிதிப்பவர் மெல்லப் போனால் சாலையைக் கடக்கும் ஓணானும் தெரியும், காயும் நெல்லில் இறங்கும் குருவியும் தெரியும், அறுத்த வயலில் மேயும் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு நிற்கும் ஆளின் முகமும் தெரியும். காரில் போகிறவருக்கு இதெல்லாம் பச்சையாக ஓடும் ஒரு கோடு.

கருணை என்பது நல்ல எண்ணத்தோடு முடிந்துவிடாது. அதற்கு உடம்பைப் பற்றிய அறிவு வேண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் இயல்பான உடல் வெப்பமே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல். தஞ்சை வட்டாரத்துச் சித்திரை வெயிலில் கூடையில் அடைந்து கிடக்கும் குட்டிக்கு மிதிப்பவரைவிட முன்னதாக மூச்சு முட்டும். பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு வகைகளுக்கு இன்னும் முன்னதாக. இறக்கி நடக்கவிடும் முன் புறங்கையைத் தாரில் சில விநாடி வைத்துப் பார்க்கவேண்டும். கை தாங்காத சூட்டை உள்ளங்காலும் தாங்காது. பட்டையைக் கழுத்தில் கட்டாமல் மார்பைச் சுற்றிக் கட்டவேண்டும், குட்டி தாவினால் கழுத்து இறுகாது. ஹேண்டில்பாரில் கயிற்றைக் கட்டி நாயைக் கூடவே ஓடவிடுவதைச் சிலர் பெருமையாகச் செய்கிறார்கள். அது ஓடுவது ஆசையாலா, கயிறு இழுப்பதாலா என்று பெடல் மிதிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

முயலையோ பூனையையோ கூடையில் வைத்துப் போகிறவர்கள் இன்னும் யோசிக்கவேண்டும். அவை அசையாமல் உட்கார்ந்திருந்தால் சமர்த்தாக இருக்கிறது என்று நினைக்கிறோம். பயந்த முயலும் அசையாமல்தான் இருக்கும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து எடுத்துப்போவது பற்றிப் பேசவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதே குற்றம். வதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே, எந்த விலங்கையும் தேவையற்ற வலியோ துன்பமோ உண்டாகும் விதத்தில் வண்டியில் ஏற்றிச் செல்வதைக் குற்றமாக்கியது. 1976இல் அரசியலமைப்பில் சேர்ந்த 51ஏ பிரிவு, உயிர்களிடம் இரக்கம் காட்டுவதை ஒவ்வொரு குடிமகனின் கடமையாக எழுதி வைத்தது. மணி கட்டி நீதி கேட்க வைத்த நிலத்தில் இது புதிய கருத்தல்ல, புதிய எழுத்து மட்டுமே.

வழித்துணையாக வந்த விலங்கை நினைவில் வைத்திருப்பது சைவ வைணவ மரபு மட்டும் அல்ல. கும்பகோணத்துக்கு மேற்கே, பாபநாசத்தை அடுத்த ராஜகிரியிலும் பண்டாரவாடையிலும் வெள்ளிக்கிழமைகளில் ஓதப்படும் கஹ்ஃபு அத்தியாயம், குர்ஆனின் பதினெட்டாவது. நம்பிக்கைக்காக ஊரைவிட்டு ஓடிக் குகையில் அடைக்கலம் புகுந்த இளைஞர்கள் நீண்ட காலம் உறங்குகிறார்கள். அவர்களுடைய நாய் குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று மக்கள் வாதிடுவதைச் சொல்லும் இடத்தில், ஒவ்வோர் எண்ணிக்கையிலும் நாயும் சேர்த்தே சொல்லப்படுகிறது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கத்தோலிக்கரின் விவிலியத்தில் தோபித்து நூல் இருக்கிறது. தந்தையின் பணத்தை வாங்கி வர இளைஞன் தோபியா தொலைதூரம் புறப்படுகிறான், வழிகாட்டியாக வானதூதர் இரபேல் உருமாறி வருகிறார், அவர்களோடு நாயும் போகிறது, திரும்பும்போதும் வருகிறது. அந்த நாய் கதையில் எதுவும் செய்வதில்லை. கூடப் போகிறது, அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் எழுதிவைத்தவர் விட்டுவிட மனமில்லாமல் எழுதியிருக்கிறார்.

வங்காளத்து வைணவர்களிடம் ஒரு சம்பவம் உண்டு, சைதன்ய சரிதாம்ருதத்தில் கிருஷ்ணதாச கவிராஜர் எழுதியது. ஆண்டுதோறும் அடியார் கூட்டத்தைப் பூரிக்கு அழைத்துப் போகும் சிவானந்த சேனரைப் பின்தொடர்ந்து ஒரு நாய் வந்தது. ஓர் ஆற்றில் படகுக்காரன் நாயை ஏற்ற மறுத்தான். சிவானந்தர் அதற்குத் தனியாகச் சோழி எண்ணிக் கொடுத்து ஏற்றினார். இன்னொரு நாள் அவர் வெளியே போயிருந்தபோது வேலையாள் நாய்க்குச் சோறு வைக்க மறந்தான். இரவு வந்து கேட்டவர், நாயைக் காணாமல் ஆள் அனுப்பித் தேடினார், அன்று தானும் உண்ணவில்லை. பூரிக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த நாய் சைதன்யருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் வீசும் தேங்காய்த் துண்டுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. அவர் தன் நாய் என்று அதைப் பிடித்து இழுக்கவில்லை. விழுந்து வணங்கி, அதைக் கவனிக்காமல் விட்ட குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். படகுக்கூலி, சோறு, தேடல், பிறகு விடுவது. ஒரு விலங்கோடு வழிபோவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான நடைமுறை வேறு எங்கும் கிடைப்பது அரிது.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். கூடையில் போகும் பொமரேனியனுக்குத் தண்ணீர் புட்டி, மெத்தை, பிஸ்கட். அதே கரையில் விலா எலும்பு தெரியத் திரியும் நாய்களுக்கு? அவற்றைக் கண்டு பயப்படும் பிள்ளைகளுக்கும், கடிபட்டு ஊசிக்கு அலையும் ஏழைக்கும்? வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையில் அடுப்பு மூட்டியபோது சீவகாருண்யத்துக்கு வைத்த அளவுகோல் பசி. இன்னாருடைய உயிர் என்று அது பார்ப்பதில்லை. அந்த அளவுகோலில் தன் குட்டியிடம் மட்டும் காட்டும் அன்பு தொடக்கம்தான், நிறைவு அல்ல. ஆனால் தொடக்கம் என்பதற்காகவே அதைப் பழிப்பதும் தவறு. தன் கையில் இருக்கும் ஒரு குட்டியின் இரைப்பைக் கவனிக்கப் பழகியவர்தான் தெருவில் கிடக்கும் இன்னொன்றின் இரைப்பையும் கேட்பார். தன் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டவர் தெருநாய்க்கும் போடவைக்க நகராட்சியில் போய் நிற்பார். அப்படி நிற்காதவர் விஷயத்தில் மறுப்பு அப்படியே செல்லும்.

பற்று இல்லாத அன்பு என்று ஒன்று நடைமுறையில் இருக்க முடியுமா என்று கேட்பவருக்கு, கண்ணால் கண்டவர்கள் எழுதிவைத்த அண்மைக்காலச் சான்று திருவண்ணாமலையில் இருக்கிறது. ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் கமலா என்ற நாய், புதிதாக வருகிறவர்களை அழைத்துப் போய் மலையில் உள்ள சன்னதிகளையும் தீர்த்தங்களையும் காட்டிவிட்டுத் திரும்பக் கூட்டி வரும். லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது ரமணர் அதன் தலையைத் தாங்கிப் பக்கத்தில் இருந்தார். அதன் சமாதியும், வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளும் இன்றும் ஆசிரமத்துக்குள் இருக்கின்றன. கோவணமும் கமண்டலமும் தவிர ஒன்றும் வைத்துக்கொள்ளாதவரிடம்தான் இத்தனை உயிர்கள் வந்து ஒட்டிக்கொண்டன. அவர் எதையும் தன்னுடையது என்று கட்டிப்போடவில்லை, எதையும் தள்ளிவிடவும் இல்லை.

திருவிடைமருதூருக்கே ஒரு பாட்டுச் சான்றும் உண்டு. பதினோராம் திருமுறையில் உள்ள திருவிடைமருதூர் மும்மணிக்கோவை பட்டினத்தார் பெயரில் வழங்குகிறது. அந்தப் பட்டினத்தாரும் ஓட்டுக் கதையின் பட்டினத்தாரும் காலத்தால் வேறு வேறு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மக்கள் மனத்தில் அவர்கள் ஒருவரே. அந்தக் கோவையில் வரகுணரின் அன்புச் செயல்கள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்று, கோயில் முற்றத்தில் கிடந்த நாயின் கழிவை அரசனே தன் கையால் எடுத்தது. நாய் அங்கே வந்து போயிருக்கிறது. அதை யாரும் அடித்து விரட்டியதாகப் பாட்டில் இல்லை. காலை நடையில் நாயை அழைத்துப் போய் அது கரையில் வைத்ததை அப்படியே விட்டுவருகிறவர்கள் இந்த அரசனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்; படித்துறையில் சில மணி நேரத்தில் மனிதர்கள் குளிக்க இறங்குவார்கள்.

இனி நடைமுறையில் ஒன்று மிச்சம். கூடையோடு திருவிடைமருதூர் வந்து சேர்ந்தவர் மகாலிங்கத்தைத் தரிசிக்க என்ன செய்வது? குட்டியை உள்ளே கொண்டுபோக முடியாது. வெயிலில் சைக்கிளோடு கட்டிவைத்துவிட்டு உள்ளே போய்க் கருணைக்கடலே என்று கைகூப்புவது பொருந்தாது. தனியாக வந்தவர் வீதியில் நின்றே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு மிதிக்கலாம். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. சொர்க்கத்தின் வாசலிலேயே ஏற மாட்டேன் என்றவனைப் படித்த ஊர்க்காரருக்கு இது பெரிய இழப்பும் அல்ல. இரண்டு பேராக வந்தவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவேண்டும்: வரகுணன் கதையை நம்பி, கீழ வாசலில் நுழைந்தவர் அதே வாசலில் திரும்புவதில்லை என்ற வழக்கத்தை இங்கே பலர் இன்னும் கடைப்பிடிக்கிறார்கள். ஆகவே வெளியே இருப்பவர் சைக்கிளையும் கூடையையும் உருட்டிக்கொண்டு வீதி சுற்றிப் போய், மற்றவர் வெளியே வரும் வாசலில் நிழல் பார்த்து நிற்கவேண்டும்; அதற்குள் குட்டிக்குக் கொஞ்சம் தண்ணீரும் காட்டிவிடலாம்.